நீலச் சுடரின் வரவு செலவு

காட்கோபர் மேற்கில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் கூட்டமில்லாத மத்தியான வேளையில் கல்லாவில் உட்கார்ந்து புத்தகம் புரட்டிக் கற்றவை. ஆகவே இது ரசாயனப் பேராசிரியர் எழுதும் கட்டுரை அல்ல, ஒரு வியாபாரி போட்டுப் பார்த்த கணக்கு.

திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் (ஜைனனான என்னையும் அவர்கள் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்கள்) அடி கறுத்த சட்டியைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, குழாய் கேஸுக்கு மாறினதிலேருந்து இப்படித்தான் கரி பிடிக்குது, உங்க பாத்திரம் மட்டமா?" என்று சண்டைக்கு நின்றார். குற்றம் பாத்திரத்தில் இல்லை, சுடரில் இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கணக்கு.

எரிபொருளுக்குள் வெப்பம் அடைபட்டுக் கிடக்கிறது, அணுக்களின் பிணைப்பு உடைந்தால் அது வெளியே கொட்டுகிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும். புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் ஆற்றல் கிடைக்கும். முதல் போடுவது முன்னால், வரவு பின்னால்.

குழாயில் வருவதில் பெரும்பகுதி மீத்தேன். 1974-ல் கண்டுபிடித்த பம்பாய் ஹை எண்ணெய் வயலிலிருந்து இந்த வாயு கரைக்கு, உரணுக்கு வருகிறது. 1995-ல் தொடங்கிய மகாநகர் கேஸ் நிறுவனம்தான் மும்பையில் வீடுகளுக்குக் குழாய் வழியே கொடுக்கிறது. மீத்தேன் மூலக்கூறில் ஒரு கார்பன் அணு, அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். 16 கிராம் மீத்தேனை எடுத்துக்கொள்வோம். அது முழுவதும் எரிய 64 கிராம் ஆக்சிஜன் வேண்டும்.

செலவுப் பக்கம்: கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு நான்கு, ஒவ்வொன்றுக்கும் 413 கிலோ ஜூல், ஆக 1652. ஆக்சிஜன் பிணைப்பு இரண்டு, தலா 498, ஆக 996. மொத்தம் 2648.

வரவுப் பக்கம்: கார்பன் டை ஆக்சைடில் இரண்டு பிணைப்பு, தலா 799. நீராவியில் நான்கு, தலா 463. மொத்தம் 3450.

மிச்சம் 802 கிலோ ஜூல். இதுதான் நம் அடுப்பின் லாபம். துளியும் வீணாகாவிட்டால் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். வீணாகாமல் எங்கே இருக்கிறது? பாதிக்கு மேல் பாத்திரத்தில் ஏறினாலே நல்ல அடுப்பு. அணுக்கள் எல்லாம் ஒரே மூச்சில் பிரிந்து சேர்வதில்லை, பல படிகளில் நடக்கிறது. ஆனாலும் கடைசிக் கணக்கு மாறாது.

காற்றில் கலந்த வாயு தானாகப் பற்றிக்கொள்ளாததும் இதனால்தான். முதல் போட ஆள் வேண்டும். லைட்டரின் பொறி அந்த முதலைப் போடுகிறது. பிறகு எரிந்த மூலக்கூறின் லாபத்தில் அடுத்தது எரிகிறது.

இனி அந்த அம்மாவின் சட்டி. குழாய் வாயு ஒரு லிட்டர் எரியப் பத்து லிட்டர் அளவுக்குக் காற்று போதும். சிலிண்டர் வாயுவுக்கோ 24 முதல் 31 லிட்டர் வரை வேண்டும், வெப்பமும் அதில் இரண்டரை, மூன்று மடங்கு. அதனால்தான் இணைப்பு மாற்றும்போது நாசில் துளையையும் மாற்றுகிறார்கள். துளை பொருந்தாவிட்டாலோ, பர்னர் கண்கள் பொங்கிய பாலில் அடைத்துக்கொண்டாலோ காற்று சரியாகக் கலக்காது. கார்பனில் கொஞ்சம் எரியாமல் சூடேறி ஒளிர்கிறது, அதுதான் மஞ்சள் சுடர். அந்தக் கரிதான் சட்டியின் அடியில் ஒட்டுகிறது. லாபம் புகையாகப் போயிற்று என்று அர்த்தம்.

கரியாவது கண்ணுக்குத் தெரியும். ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடும் உண்டாகிறது. 16 கிராம் மீத்தேனின் கார்பன் முழுவதும் அப்படி ஆனால் லாபம் 802-லிருந்து சுமார் 520 ஆகிவிடும். பண நஷ்டம் போகட்டும். இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றும். சமையல் வாயுவுக்குக் கசிவு தெரிவதற்காக வாசனை சேர்க்கிறார்கள். மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

2023 மார்ச்சில், ஹோலி சமயத்தில், இதே காட்கோபரில் ஒரு கணவனும் மனைவியும் குளியலறையில் இறந்து கிடந்தார்கள். கேஸ் கீசர் வாயுதான் காரணம் என்று போலீசார் சந்தேகிப்பதாக அப்போது பத்திரிகைகளில் வந்தது. சின்ன அறை, சாத்திய கதவு. கீசர் எரிய எரிய உள்ளே ஆக்சிஜன் குறையும், குறையக் குறைய மோனாக்சைடு கூடும்.

அதைப் படித்த அன்றுதான் எங்கள் குளியலறையை நிமிர்ந்து பார்த்தேன். மாட்டியவர் கீசரை உள்ளேயே மாட்டியிருந்தார். மழைச்சாரல் வருகிறது என்று ஜன்னலைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடியவன் நான்தான். "குளிச்சிட்டு வந்தா தலை சுத்துது மாமா" என்று மருமகள் இரண்டு தடவை சொல்லியும், வெந்நீரைக் குறைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாளே கீசரைப் பால்கனிக்கு மாற்றி, தாளையும் கிழித்துப் போட்டேன். இப்போது வெந்நீர் குழாயில் வந்து சேர அரை நிமிஷம் பிடிக்கிறது. பேரன் தினமும் முணுமுணுக்கிறான்.