அஃபிங்டன் வெள்ளைக் குதிரை
ஆக்ஸ்போர்டுஷயர், இங்கிலாந்து

சரிவில் பாயும் இந்தக் குதிரையின் நீளம் சுமார் 110 மீட்டர். வயது ஏறத்தாழ 3,000. புல்லைச் சுரண்டி வரைந்ததல்ல இது. ஆழமாகப் பள்ளம் வெட்டி, இடித்த சுண்ணக்கல்லைத் திணித்திருக்கிறார்கள். பள்ளத்து மண் கடைசியாக வெயில் கண்ட காலத்தை 1990களில் கணித்தபோதுதான் அதன் தொன்மை உறுதியானது.

கவனிக்காமல் விட்டால் புல் மூடிவிடும். தலைமுறை தலைமுறையாக ஊரார் களை பறித்துக் காத்தார்கள். இன்றும் தன்னார்வலர்கள் மண்டியிட்டு, புதுச் சுண்ணக்கல்லைச் சுத்தியலால் இடித்துக் கோடுகளில் நிரப்புகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது எதிரி விமானங்களுக்கு அடையாளமாகிவிடாதபடி இதை மூடி மறைத்தார்கள்.

கீழே தட்டையான உச்சியோடு நிற்பது டிராகன் குன்று. புனித ஜார்ஜ் டிராகனைக் கொன்றது அங்கேதான், இரத்தம் சிந்திய இடத்தில் புல் முளைப்பதில்லை என்பது ஊர்க்கதை.

முழு உருவத்தைப் பார்க்கப் பள்ளத்தாக்குக்கு இறங்குங்கள். வெள்ளைக் கோடுகளை மிதிக்காதீர்கள்.