மறியலிற் கற்ற கணிதம்

தண்டனை பெற்ற கைதிக்குத் தன் விடுதலை நாள் தெரியும். ஒவ்வொரு நாளாகக் கழித்து, எஞ்சியதை எண்ணி ஆறுதலடையலாம். விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவனுக்கோ அந்த ஆறுதலும் இல்லை. குற்றம் இன்னதென்று நிரூபிக்கப்படவில்லை, தவணையும் குறிக்கப்படவில்லை. மதிற்சுவரைக் காட்டிலும் அவனை வருத்துவது முடிவு தெரியாத காலமேயாகும். அந்தக் காலத்திற் கல்விக்கு இடமளித்தால் விளைவதென்ன? இரண்டாவது உலக மகாயுத்த காலத்து வரலாறு ஒன்று இதற்கு விடை கூறுகின்றது.

1940ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படைகள் பிரான்ஸை வீழ்த்திய வேளையில், பிரித்தானியா பெரும் பீதிக்குள்ளாயிற்று. அங்கு வாழ்ந்த ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் 'பகைநாட்டு அந்நியர்' எனப்பட்டு, ஆயிரக்கணக்கிற் பிடித்து அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூத அகதிகள். பகைவனிடமிருந்து ஓடி வந்தவர்களே பகைவராக எண்ணப்பட்டது விதியின் விளையாட்டன்றி வேறென்ன? அவர்களிற் பலர் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அவ்வாறு சென்றவருள் வியன்னா நகரிற் பிறந்த வால்டர் கோன் என்ற பதினேழு வயது இளைஞரும் ஒருவர். முதல் ஆண்டிலேதான் பெற்றோர் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தனர். கனடாவின் முகாமில் ஒரு பள்ளிக்கூடம் தோன்றியது. கைதிகளே ஆசிரியர்கள், கைதிகளே மாணாக்கர். வெளியிலிருந்த தரும ஸ்தாபனங்களும் கல்விக்கு உதவின. ரோத்பெர்கர் என்ற கணித அறிஞர் அங்கே கணக்கோட்பாட்டைப் போதித்தார். கோன் காட்டில் மரம் வெட்டி நாளொன்றுக்கு 20 சதம் கூலி பெற்றார். அதைச் சேமித்து அவர் வாங்கியவை இரண்டு புத்தகங்கள்: ஒன்று ஹார்டியின் கணித நூல், மற்றது ஸ்லேட்டரின் இரசாயனப் பௌதிக நூல். மக்கில் சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சைக்குத் தோற்றும் வாய்ப்பும் முகாமிலிருந்தோருக்குக் கிடைத்தது.

1942இல் விடுதலையான கோன், டொராண்டோ சர்வகலாசாலையிற் சேர்ந்தார். யுத்த ஆராய்ச்சி நடைபெற்றமையால், இரசாயனக் கட்டடத்தினுள் நுழைய அவருக்கு அனுமதியில்லை. அதே மனிதர் 1998இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்! 1962இல் அப்பரிசைப் பெற்ற மாக்ஸ் பெரூட்ஸும் கனடா முகாமிற் கைதியாயிருந்து சக கைதிகளுக்குப் பாடம் சொன்னவரே.

ஆனால், தடுப்புக் காவல் நன்மை செய்தது என்று எவரும் எண்ணுதல் தகாது. கோனின் பெற்றோர் நாஜிகளின் கையில் மாண்டனர்; அவரோ நாஜிகளின் கூட்டத்தவர் என்ற ஐயத்தில் அடைபட்டிருந்தார். கல்வி அந்த அநீதியைத் துடைக்கவில்லை. அநீதி அவருடைய வாழ்வையும் விழுங்கிவிடாமற் காத்தது.

கல்வி மறுக்கப்பட்ட இடங்களும் உண்டு. தென்னாபிரிக்காவில் 1963ஆம் ஆண்டின் சட்டப்படி, விசாரணையின்றித் தொண்ணூறு நாள் தனிமையில் அடைக்கப்பட்டோருக்கு விவிலியம் தவிர வேறு நூல் கொடுக்கப்படவில்லை. சிந்தனைக்குப் பற்றுக்கோடின்றி மனத்தைத் தளரச் செய்வதே அங்கு நோக்கமாயிருந்தது.

குற்றம் நிரூபிக்கப்படாதவன் சட்டத்தின் கண்ணிற் குற்றமற்றவனே. அவனிடமிருந்து சுதந்திரத்தைப் பறித்த அரசு, புத்தகத்தையும் பரீட்சையையும் பறிப்பதற்கு நியாயம் ஏது? ஒரு நூலும், ஓர் ஆசிரியரும், பரீட்சைக்கு அனுமதியும் கொடுப்பதால் எந்த அரசும் கவிழ்ந்துவிடாது. மறுத்தாலோ, இழந்த வருஷங்களை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர இயலாது. சுதந்திரமாகப் பள்ளி செல்லும் மாணாக்கர், இருபது சதத்துக்கு மரம் வெட்டிப் புத்தகம் வாங்கிய அந்த இளைஞரை மறவாதிருப்பாராக.