குதிரைச் சக்தியும் டீசல் கணக்கும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் லாரித் தொழிலை நம்பி வாழ்வோர் பலர். நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களிலிருந்து புறப்பட்டு வந்து, களம்போலியிலும் கல்யாணிலும் குடியேறி, ஓட்டுநராகவும் சொந்தக்காரராகவும் அவர்கள் உழைத்து வருகின்றனர். நாமோ ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவர். தொழில் முறையில் லாரி நமக்குப் போட்டிக்காரர்தான். எனினும் ஒரு குடும்பத்தின் நற்பெயர் டீசல் கணக்கில் சிக்கித் தவித்தபோது, அந்தக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு நம்மை வந்தடைந்தது. அதில் நாம் அறிந்தவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க உறுப்பினர் ஒருவரின் மனைவி நம் இல்லத்திற்கு வந்தார். அவருடைய கணவர் லாரி ஓட்டுநர். “அண்ணா, மூணு மாசமா அவரு சம்பளத்துல டீசல் குறைன்னு பிடிச்சுக்கிறாங்க. பணம் போனாப் போகுதுங்க. டீசலை வித்துட்டாருன்னு முதலாளி வாயால ஒரு வார்த்தை வந்துடுச்சு. அதைத்தான் தாங்க முடியல” என்று கூறிக் கண் கலங்கினார்.

முதலாளியும் நம் சங்கத்தைச் சேர்ந்த பெரியவரே, நேர்மையானவர். அவர் தரப்பையும் கேட்டோம். பழைய சிறு வண்டியை விற்றுவிட்டு, 300 குதிரைச் சக்தி கொண்ட டிரெய்லர் லாரி ஒன்றைக் கடன் பெற்று வாங்கியிருந்தார். முதலில் அது சூரத் சாலையில் இரு வழியும் லோடோடு ஓடி, லிட்டருக்கு 2.75 கிலோமீட்டர் கொடுத்தது. பிறகு களம்போலியிலிருந்து சாக்கனுக்கு இரும்புச் சுருள்கள் ஏற்றிச் செல்லும் வேலைக்கு மாறியது. போக 100 கிலோமீட்டர்; வர 100 கிலோமீட்டர். திரும்பும்போது காலி வண்டி. “ஒரு வழி காலியாத்தானே வருது? மைலேஜ் கூடத்தானே செய்யணும்? 73 லிட்டர்ல முடிய வேண்டிய நடைக்கு 85 லிட்டர் காட்டறான். ஒண்ணு, இந்தப் பெரிய எஞ்சின் குடிகாரன், இல்லே, ஓட்டறவன் சரியில்லே” என்றார். மாதம் 12 நடை. நடைக்கு 12 லிட்டர் குறை. ஆக 144 லிட்டர். அதன் விலையில் பாதியை அவர் சம்பளத்தில் பிடித்து வந்தார்.

கேட்பதற்கு நியாயமான வாதம். ஆனால் கல்யாணில் வேலை செய்யும் எவருக்கும் அதில் ஒரு குறை தென்படாமல் போகாது. ஏனெனில் நம் ஜங்ஷனிலிருந்து பிரியும் இரண்டு ரயில் பாதைகளும் மலையேறியாக வேண்டியவை. புனே செல்லும் பாதை போர் காட்டில் ஏறுகிறது. நாசிக் செல்லும் பாதை தல் காட்டில் ஏறுகிறது. முன்னது 1863-லும் பின்னது 1865-லும் திறக்கப்பட்டன. இரண்டிலும் ஏற்றம் 37-க்கு 1. அதாவது 37 அடி முன்னே சென்றால் ஓரடி உயர்வு. கர்ஜத்திலும் கசாராவிலும் ரயிலின் பின்னால் உதவி எஞ்சின்களை மாட்டித் தள்ளிவிடுவார்கள். உச்சியை அடைந்ததும் அவற்றைக் கழற்றிவிடுவார்கள். ரயிலுக்கு இந்தச் சலுகை உண்டு. வேண்டிய இடத்தில் மட்டும் சக்தியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். லாரிக்கு அது இல்லை. காட் ஏறுவதற்கு வேண்டிய சக்தியை அது சமதளத்திலும் சுமந்துகொண்டே திரிய வேண்டும். அதிகக் குதிரைச் சக்தி என்பதன் பொருள் இதுதான்.

இனிக் கணக்கிற்கு வருவோம். பள்ளி இறுதி வகுப்பில் படித்த பௌதிகமே இதற்குப் போதுமானது. ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்ப சக்தியை நூறு பங்காக வைத்தால், எஞ்சினிலும் கியரிலும் இழந்தது போகச் சக்கரத்தை அடைவது ஏறக்குறைய 36 பங்கு. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1897-இல் தம் எஞ்சினைச் சோதித்துக் காட்டியபோது, எஞ்சினின் பயனே நூற்றுக்கு 26 பங்குதான் இருந்தது. அதுவே அக்காலத்து நீராவி எஞ்சின்களை வெட்கப்படச் செய்தது. இன்றைய பெரிய லாரி எஞ்சின்கள் 40 பங்கைத் தாண்டிவிட்டன.

களம்போலி கடல் மட்டத்தை ஒட்டியது. லோனாவ்லா கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 620 மீட்டர் உயரத்தில் உள்ளது. லோடோடு 55 டன் எடையுள்ள வண்டியை 600 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் சுமார் 25 லிட்டர் டீசல் வேண்டும். இது உருண்டு செல்வதற்கான செலவு அன்று. தூக்குவதற்கான கூலி மட்டுமே.

இந்த 25 லிட்டரில் எஞ்சினின் குதிரைச் சக்திக்குப் பங்கு எவ்வளவு? அநேகமாக ஒன்றுமில்லை. 200 குதிரைச் சக்தி எஞ்சின் தன் முழு பலத்தோடு தூக்கினால், அந்த வேலைக்கு 40 நிமிடம் ஆகும்; 300 குதிரைச் சக்தி எஞ்சினுக்கு 27 நிமிடம்; 400 என்றால் 20 நிமிடம். மூட்டை ஒன்றுதான், மாடி ஒன்றுதான், விரைந்து ஏறினாலும் மெல்ல ஏறினாலும் தூக்கிய கூலி மாறுவதில்லை. குறைவது நேரமே. “பெரிய எஞ்சின் அதிகம் குடிக்கும்” என்ற பேச்சு பாதி உண்மையே என்பது இதனால் விளங்கும்.

மறு பாதி உண்மையையும் மறைக்கலாகாது. பெரிய எஞ்சினுக்கு எடை அதிகம். அதன் உள் உராய்வும் அதிகம். சிறு லோடுகளை மட்டும் ஏற்றும் வண்டிக்குப் பெரிய எஞ்சின் வாங்குவது, இருவர் உண்ணும் வீட்டில் கல்யாணப் பாத்திரத்தில் உலை வைப்பதை ஒக்கும். அதற்கு மாறாக, பெரும் பாரத்தைச் சிறு எஞ்சின் இழுத்தால், தாழ்ந்த கியரில் வெகுநேரம் கதறிக்கொண்டு, தன் சுற்றுகள் எல்லை மீறி ஓடி, அதுவும் டீசலை வீணாக்கும். பாரத்திற்கும் பாதைக்கும் ஏற்ற எஞ்சினே சிக்கனமான எஞ்சின். 2018-இல் நம் நாட்டில் லாரிகளின் எடை வரம்பு உயர்த்தப்பட்டபோது, பெரிய டிரெய்லர்களுக்கான உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன் ஆயிற்று. அந்தப் பாரத்திற்கு 300 குதிரைச் சக்தி என்பது டன்னுக்கு ஐந்தரை அளவே. ஐரோப்பாவில் பின்லாந்து 2013 முதல் 76 டன் வரை அனுமதிக்கிறது. ஸ்கானியா நிறுவனம் 2020-இல் 770 குதிரைச் சக்தி எஞ்சினை வெளியிட்டது. அந்த எஞ்சின் அந்தப் பாரத்தை இழுத்தால் டன்னுக்குப் பத்து ஆகிறது. ஆகவே நம் பெரியவர் வாங்கிய வண்டியை ஆடம்பரம் என்று சொல்வதற்கில்லை.

அடுத்து, சமதளத்தின் கணக்கு. சமதளத்தில் வண்டியை எதிர்ப்பவை இரண்டு: ஒன்று டயரின் உருளல், மற்றொன்று காற்று. நம் கணக்குப்படி, 55 டன் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சக்கரத்தில் சுமார் 110 குதிரைச் சக்தி போதும். அவ்வேகத்தில் எதிர்ப்பில் முக்கால் பங்கு டயருடையது. காற்று குறைந்த டயரோடு ஓடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது இதனால் விளங்கும். வேகத்தை 80 ஆக்கினால் வேண்டியது 175 குதிரைச் சக்தி! ஏனெனில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறுவது. 100 கிலோமீட்டருக்கு, 60-இல் சென்றால் 38 லிட்டர்; 80-இல் சென்றால் 45 லிட்டர். மிச்சமாவது 25 நிமிடம். கூடுதலாகச் செலவாவது 7 லிட்டர். 2018-இல் நான்கு வழி நெடுஞ்சாலைகளில் சரக்கு வண்டிகளுக்கு 80 என உச்ச வேகம் வகுக்கப்பட்டது. சட்டம் அனுமதிக்கும் வேகம் வேறு. பணப்பை அனுமதிக்கும் வேகம் வேறு. பலம் மிக்க எஞ்சின் வைத்திருப்பவருக்கு இங்கேதான் சோதனை. காலுக்கு அடியில் 300 குதிரைகள் காத்திருக்கும்போது, 110 குதிரைகளோடு அடங்கிச் செல்ல மனக் கட்டுப்பாடு வேண்டும்.

மூன்றாவது செலவு ஓடாமல் ஆவது. தொழிற்சாலை வாயிலில் வரிசையில் நிற்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், பெரிய எஞ்சின் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் வரை எரிக்கும். 3 மணி நேரம் நின்றால் 7 லிட்டர் அளவுக்குப் போய்விடும். அத்தனை நேரத்திலும் ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிராது.

இப்போது கூட்டிப் பார்த்தோம். லோடோடு 100 கிலோமீட்டர் உருள 38 லிட்டர். காட் ஏற 25 லிட்டர். காலியாகத் திரும்ப 15 லிட்டர். வாயிலில் நிற்க 7 லிட்டர். ஆக 85 லிட்டர்! ஓட்டுநர் காட்டிய பில்லும் அதுவே. காலியாக இறங்கி வரும்போது, ஏறச் செலவிட்டது திரும்பி வருமே என்று சிலர் கேட்கலாம். வராது. இறக்கத்தில் அது பிரேக்கின் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. மேலும், சாக்கனில் இறக்கிவிட்ட இரும்பு மலைமேலேயே தங்கிவிடுகிறது. அதைத் தூக்கிய கூலி எந்நாளும் மீளாது.

கணக்கைப் பெரியவரிடம் காட்டினோம். “காகிதத்துல எல்லாம் சரியாத்தான் வரும்” என்றார். அதுவும் நியாயமே. ஆதலால் நாம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டோம். பெரியவரும் உடன் வர, அதே லாரியில் ஏறினோம். களம்போலியில் ஒரு பங்கில் டாங்கை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். காட் அடிவாரம் வந்ததும் ஓட்டுநர் பேச்சை நிறுத்திவிட்டார். சுற்றுகளைக் காட்டும் முள், பச்சைக் கோட்டை விட்டு விலகாதபடி கியரை மாற்றிக்கொண்டே சென்றார். வண்டி நடந்து செல்பவரைப் போல ஏறியது. “கொஞ்சம் மிதிப்பா” என்று பெரியவர் இருமுறை சொன்னார். ஓட்டுநர் சிரித்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை.

திரும்பும் வழியில் இறக்கத்தில், “நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சமாகுமே?” என்று பெரியவர் கேட்டார். “வேண்டாங்க முதலாளி. கியர்ல இருந்து காலை எடுத்தா இந்த எஞ்சினுக்கு டீசலே போகாது. நியூட்ரல்ல விட்டாத்தான் குடிக்கும். அதைவிட, பிரேக் சூடாகிப் பிடிக்கலைன்னா நம்ம மூணு பேரும் வீடு போய்ச் சேர மாட்டோம்” என்றார் அவர். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இன்றைய எஞ்சின்களில், கியர் பூட்டிய நிலையில் காலை எடுத்தால் டீசல் தானே நின்றுவிடும். அன்பர்கள் இதை நன்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

மாலையில் அதே பங்குக்குத் திரும்பி டாங்கை மறுபடி நிரப்பினோம். 88 லிட்டர் பிடித்தது. முதலாளியை வைத்துக்கொண்டு ஓட்டிய நடையில், தனியாக ஓட்டியதைவிட மூன்று லிட்டர் அதிகம்! பெரியவர் பில்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓட்டுநரின் தோளில் கை வைத்து, “தப்பாச் சொல்லிட்டேன், தம்பி” என்றார். பிடித்த பணத்தை இரண்டு தவணையில் திருப்பித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். அவருக்கும் மாதந்தோறும் கடன் தவணை உண்டு அல்லவா? அதையும் நாம் மறக்கலாகாது.

லாரித் தொழிலில் உள்ள நம் குடும்பத்தார்க்கு இதிலிருந்து கூற விரும்புவது இதுவே. ஒரே மைலேஜ் எண்ணை எல்லாப் பாதைக்கும் அளவுகோலாக வைக்கலாகாது. நடைதோறும் ஒரு சிறு நோட்டில் லோடு எவ்வளவு, காலி ஓட்டம் எவ்வளவு, காட் உண்டா, நின்ற நேரம் எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். டயரின் காற்றை வாரந்தோறும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய லாரிகளுக்குப் புகையைச் சுத்திகரிக்க யூரியாக் கரைசலும் தேவை. 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 5 லிட்டர் ஆகும் அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நோட்டில் எழுதும் வழக்கம் ஓட்டுநருக்குக் கவசம், முதலாளிக்குக் கண்ணாடி.

இறுதியாக, ரயில்வேக்காரர் என்ற முறையில் ஒரு சொல். ஒரு டன் பாரத்தைச் சமதளத்தில் தார்ச் சாலையில் உருட்ட ஏறக்குறைய 7 கிலோ அளவு இழுப்பு வேண்டுமென்றால், தண்டவாளத்தில் 2 கிலோ அளவே போதும். கொங்கண் ரயில்வே 1999 ஜனவரி 26 அன்று, கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணா வரை, லோடு லாரிகளையே ரயிலில் ஏற்றிச் செல்லும் சேவையைத் தொடங்கியது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஓட்டுநர் தம் லாரியிலேயே அமர்ந்து இளைப்பாறியபடி மலைகளைக் கடந்துவிடலாம். குதிரைகள் எத்தனை இருந்தால் என்ன? அவற்றை எப்போது ஓட்டுவது, எப்போது அடக்குவது, எப்போது அவிழ்த்துவிடுவது என்று அறிந்த கையில்தான் சிக்கனம் இருக்கிறது.

சென்ற வாரம் அந்த அம்மையார் நம் இல்லத்திற்கு வந்து, ஊரிலிருந்து வந்த முறுக்கு ஒரு டப்பா கொடுத்துச் சென்றார். டப்பாவின் மேல் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் பன்னிரண்டு நடைகளின் கணக்கு அழகாக எழுதப்பட்டிருந்தது. எழுத்து அவர்களுடைய மூத்த மகளுடையது. ஏழாம் வகுப்பில் படிக்கும் அப்பெண், வகுத்தல் கணக்கில் ஓரிடத்திலும் பிழை செய்யவில்லை.