எதிராளியின் கணக்கும் எமது கணக்கும்

கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்கு வழி பிரியும் சந்தியிலே அமைந்தது எமது கொடிகாமம். விடுமுறை நாட்களின் பிற்பகலில் இவ்வூர் ஒழுங்கைகளில் நடந்து செல்வோர், மாமர நிழலிலோ வீட்டு விறாந்தையிலோ நால்வர் பாய் விரித்தமர்ந்து கடதாசி விளையாடும் காட்சியைக் காணலாம். அவ்விளையாட்டுப் பெரும்பாலும் முந்நூற்றுநாலாகவே இருக்கும். யாழ்ப்பாணத்தவர் கடல்கடந்து குடியேறிய நாடுகளுக்கும் உடன்கொண்டு சென்ற பொழுதுபோக்கு அது.

அதனை அறியாத இளைஞர் பொருட்டுச் சில சொற்கள். 32 கடதாசிகள், எதிரெதிரே அமர்ந்தவர் ஒரு கட்சி. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனத்துக்கும் 304. முதல் நான்கு கடதாசிகளைக் கண்டதும், இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். மிகுதியாகக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். பிறர் கைகளில் இருப்பதைக் கண்ணாற் காண இயலாது, கருத்தாற் காணவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய கூட்டமொன்றில் நாமும் அமர்ந்தோம். எதிர்க்கட்சியில் இருந்த பெரியவர் ஒருவர் முதல் இரண்டு ஆட்டங்களிலும் துணிந்து பெருந்தொகை கேட்டுத் தோற்றார். "இவர் கையில் ஒன்றுமின்றிக் கேட்பவர்" என்று நாம் முடிவு கட்டினோம். மூன்றாம் ஆட்டத்தில் அவர் 200 கேட்டதும், நாம் மெலிந்த கையை வைத்துக்கொண்டு 210 கேட்டோம். முடிவு சொல்லவேண்டியதில்லை. கடதாசிகளை அடுக்கிக்கொண்டே பெரியவர், "தம்பி, நீர் என்ர இரண்டு ஆட்டத்தைப் பார்த்தனீர். நான் உம்மை இருபது வருஷமாய்ப் பார்க்கிறன்" என்றார்.

அப்பெரியவர் நினைவில் வைத்திருந்த அதே கணக்கைத்தான் இணையத்தில் போக்கர் ஆடுவோர் கணினியைக் கொண்டு எழுதுவிக்கின்றனர். நூறு ஆட்டங்களில் ஒருவர் எத்தனையில் தாமாகப் பணமிட்டுச் சேர்கிறார், எத்தனையில் தொகையை உயர்த்துகிறார், பிறர் உயர்த்தும்போது எத்தனை முறை விலகுகிறார் என்பன போன்ற எண்களை மென்பொருள் திரட்டித் திரையிலே அவர் பெயருக்கு அருகிற் காட்டும். நூற்றில் 12 ஆட்டங்களில் மட்டும் சேர்பவர் உயர்த்தினால் அவர் கையில் வலுவுண்டு என எண்ண இடமுண்டு. 40 ஆட்டங்களில் சேர்பவர் உயர்த்தினால் அவ்வளவு அஞ்சவேண்டியதில்லை.

இவ்வெண் முடிவெடுக்க உதவுவது எவ்வாறு? எதிராளி இட்டதையும் சேர்த்து நடுவில் 300 ரூபா இருக்கிறது எனக் கொள்வோம். அவர் கையைத் திறந்து பார்க்க நாம் 100 ரூபா இடவேண்டும். எமது கை அவர் பொய்யாக மிரட்டினால் மட்டுமே வெல்லக்கூடியது. நான்கு முறையில் ஒரு முறை வென்றால் வரவும் செலவும் சமன். அவர் இத்தகைய வேளையில் நூற்றுக்கு 40 முறை மிரட்டுபவராயின், ஒரு முறைக்குச் சராசரி 60 ரூபா இலாபம். நூற்றுக்கு 10 முறை மட்டும் மிரட்டுபவராயின் அதே 60 ரூபா நட்டம். கடதாசி ஒன்றே, எதிராளியின் பழக்கம் மாறினால் செய்யத்தக்கதும் மாறுகிறது.

ஆயின் எத்தனை ஆட்டங்களைக் கண்டபின் பழக்கம் இன்னதெனத் துணியலாம்? பத்து வேளைகளில் நான்கு முறை மிரட்டியவரின் உண்மைப் பழக்கம் நூற்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 70 வரை எங்கும் இருக்கலாம். நூறு வேளைகளில் நாற்பது எனக் கண்டால் 30 முதல் 50 வரை. ஆயிரத்தில் நானூறு எனக் கண்டால் 37 முதல் 43 வரை. ஐயத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு அவதானம் வேண்டும் என்பது புள்ளிவிபரவியலின் விதி. எமது இரண்டு ஆட்டங்கள் எம்மாத்திரம்!

இதனை வகுப்பில் விளக்கியபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அப்படியெண்டால் இதைப் படிச்சு உழைக்கலாமோ?" என்று கேட்டான். நேர்மையான கேள்வி; நேர்மையான விடை வேண்டும். பணம் வைத்து ஆடும் இணையத்தளங்கள் பந்தயத் தொகையிலிருந்தோ நுழைவுக் கட்டணத்திலிருந்தோ தமக்கொரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே சமதிறமையுள்ளவர்கள் நெடுநாள் ஆடினால் அனைவரும் இழப்பர். மேலும், நீ எதிராளியை எண்ணும்போது அவனும் உன்னை எண்ணுகிறான். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யச் சட்டம் இயற்றப்பட்டது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுக்களே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்து, அவற்றின் மீதான தடையை நீக்கியது. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையாயினும் தற்செயலாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நளன் கதையை அறிந்தோர்க்கு ஈண்டு ஒன்று நினைவு வரும். மரத்தின் கனிகளைக் கணித்த இருதுபன்னனிடம் நளன் அவ்வித்தையைக் கற்று, இழந்த நாட்டை மீட்டான். ஆயினும் வித்தை வருமுன்னரே நாடும் மனையும் மக்களும் பிரிந்தன அல்லவா?

இன்னொன்றும் சொன்னோம். 2017 சனவரியில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் லிப்ரேற்றஸ் என்னும் கணினி நிரல், தேர்ந்த போக்கர் வீரர் நால்வருடன் 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான அந்நிரல், எதிராளிகளின் குறைகளைத் தேடித் தாக்குவதை நம்பியிருக்கவில்லை. பகலில் வீரர்கள் தன்னிடம் கண்டுபிடித்த ஓட்டைகளை ஒவ்வோர் இரவும் அடைத்துக்கொண்டது. பிறர் கணக்கைப் பார்ப்பதிலும் தன் கணக்கைத் திருத்துவது அதற்குப் பெரும்பயன் தந்தது.

அன்றிரவு நாமும் எமது கணக்கைப் பார்த்தோம். அதே வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பையன் ஒருவனைக் கணிதம் வராதவன் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தோம். அவனிடம் கேள்வி கேட்பதையும் விட்டிருந்தோம். புள்ளிப் பதிவேட்டை முதற்பக்கத்திலிருந்து புரட்டினோம். அவன் வழுக்கியவை இரண்டே இரண்டு தவணைப் பரீட்சைகள். அவனது தந்தையார் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த மாதங்களில் நடந்தவை. ஏனைய பரீட்சைகளில் நடுத்தரத்துக்கு மேலான புள்ளிகளே இருந்தன. பெரியவரிடம் தோற்றபோது எமக்கு நட்டமானது ஓர் ஆட்டம் மட்டும். இங்கே நட்டப்பட்டவன் அவன்.

மறுநாள் முதற்கேள்வியை அவனிடமே கேட்டோம். சற்றுத் தடுமாறி எழுந்தான். பாதிவரை சரியாகச் சொன்னான். மீதியைக் கரும்பலகையில் இருவருமாகச் செய்து முடித்தோம். இப்பொழுதெல்லாம் தேர்ச்சி அறிக்கையில் எவரைப் பற்றியும் ஒரு வரி எழுதுமுன், பதிவேட்டின் முதற்பக்கத்தைத் திறந்துகொள்கிறோம்.