பட்டின் இலாபம் முட்டையிலேயே தொடங்குகிறது

ஒரே தோட்டத்து மல்பெரி இலையைக் கொடுத்தாலும் எல்லா இனப் பட்டுப்புழுக்களும் ஒரே அளவு நூலைத் தருவதில்லை. காரணம் மரபணுக்கள்.

புழு நான்கு தடவை தோலுரித்து ஐந்து பருவங்களில் வளர்கிறது. இளமை ஹோர்மோன் உடலில் போதியளவு இருக்கும்வரை அது புழுவாகவே இருக்கும். அது வற்றிய பின்னரே கூடு கட்டத் தயாராகும். மொத்தத் தீனியில் 80 வீதத்துக்கும் மேல் ஐந்தாம் பருவத்திலேயே செலவாகிறது. அப்போதுதான் பட்டுச் சுரப்பியின் பின்பகுதியில் பைப்ரோயின் மரபணு முழுவேகத்தில் இயங்கி, நூலுக்கான புரதத்தை உற்பத்தி செய்கிறது.

இரண்டு இனங்களைக் கலந்து பெறும் முதல் தலைமுறையை வளர்க்குமாறு 1906இல் ஜப்பானிய விஞ்ஞானி டோயாமா கமெதாரோ எடுத்துரைத்தார். அத்தலைமுறை பெற்றோரை விட வீரியமாக வளர்ந்து கூடுதல் பட்டைத் தரும். சில தசாப்தங்களுக்குள் ஜப்பானியப் பண்ணைகள் அனேகமாக முழுமையாகவே இம்முறைக்கு மாறின.

ஆனால், செலவை மிச்சம் பிடிக்க அந்தக் கலப்பினத்தின் முட்டைகளையே மீண்டும் வளர்த்தால் நட்டம்தான். அடுத்த தலைமுறையில் மரபணுக்கள் பிரிந்து விடுவதால் வளர்ச்சி சீராக இராது. கூடுகளும் சிறிதும் பெரிதுமாக அமையும். நூல் பிரிப்பவர் அவற்றுக்கு நல்ல விலை கொடுக்க மாட்டார்.

எனவே இலைக்கும் கூலிக்கும் பணம் போடுமுன், முட்டை எந்தத் தலைமுறை என்று கேட்பதே இத்தொழிலின் முதல் கணக்கு.