வெளிநாட்டு டிவிடி இங்கே ஓடுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

வெளிநாட்டு உறவினர்கள் கொண்டு வரும் டிவிடிகளும், ஆன்லைனில் தேடிப் பிடித்து வரவழைக்கும் உலக சினிமா டிஸ்க்குகளும் இங்குள்ள பிளேயரில் போட்டதும் ஓர் எச்சரிக்கை வரியோடு நின்றுவிடுவது உண்டு. டிஸ்க் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் டிஸ்க்கிலும் பழுதில்லை, பிளேயரிலும் பழுதில்லை. புதிய பிளேயர் வாங்கும் முன் மக்களுக்கு எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே:

அசல் டிவிடிதான், ஒரு கீறல்கூட இல்லை. பிறகு ஏன் ஓடவில்லை?

டிவிடி விற்பனைக்காக உலக நாடுகள் 6 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. டிஸ்க்கில் பதிவான மண்டல எண்ணும் பிளேயரின் எண்ணும் பொருந்தினால்தான் படம் ஓடும். 1990-களின் பிற்பகுதியில் டிவிடி அறிமுகமானபோது ஹாலிவுட் நிறுவனங்கள் இந்தப் பூட்டை வலியுறுத்தின. அமெரிக்காவில் ஒரு படம் டிவிடியாக வரும் நேரத்தில் வேறு நாடுகளில் அது தியேட்டருக்கே வந்திருக்காது என்பது அவற்றின் கவலை.

எந்த நாட்டுக்கு எந்த எண்?

அமெரிக்கா, கனடா 1, பிரிட்டன் உள்ளிட்ட மேற்கு, மத்திய ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள், தென்னாப்பிரிக்கா 2, சிங்கப்பூர், மலேசியா, தென் கொரியா, தைவான், ஹாங்காங் 3, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, லத்தீன் அமெரிக்கா 4, இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5, சீனா 6. இவை தவிர, விமானங்களிலும் பயணக் கப்பல்களிலும் காட்டப்படும் டிஸ்க்குகளுக்கு எண் 8 ஒதுக்கப்பட்டுள்ளது. டொரன்டோ, லண்டன், கோலாலம்பூர், சிட்னி ஆகிய ஊர்களில் வாங்கும் டிவிடிகள் நான்கு வெவ்வேறு எண்களோடு வரலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள 5-ம் எண் பிளேயர் அந்த நான்கில் எதோடும் பொருந்தாது.

டிஸ்க்கின் எண்ணை எப்படித் தெரிந்துகொள்வது?

உறையின் பின்பக்கத்தில், பெரும்பாலும் கீழ் ஓரத்தில், சிறிய உலக உருண்டைப் படம் இருக்கும். அதற்குள் உள்ளதுதான் மண்டல எண். ஒரே டிஸ்க்கில் 2, 4 என இரண்டு எண்கள் இருந்தால் அது இரு மண்டலங்களிலும் ஓடும். பூஜ்யம் என்றோ ‘ஆல்’ என்றோ இருந்தால் அந்த டிஸ்க்குக்குப் பூட்டே இல்லை.

வெளிநாட்டில் வாங்கிய தமிழ்ப் பட டிவிடிகளுக்கும் இந்தத் தொல்லை உண்டா?

பெரும்பாலும் இல்லை. இந்தியத் திரைப்பட டிவிடிகளில் பல, மண்டலப் பூட்டு இல்லாமலேயே வெளியிடப்பட்டுள்ளன. ஹாலிவுட், ஜப்பான், ஐரோப்பியப் படங்களில்தான் சிக்கல் அதிகம்.

எல்லா நாட்டு டிஸ்க்கும் ஓட எந்த பிளேயரை வாங்க வேண்டும்?

கடைகளில் ‘மல்டி ரீஜன்’ அல்லது ‘ரீஜன் ஃப்ரீ’ என்று குறிப்பிடப்படும் பிளேயர் தேவை. சில மாடல்கள் பூட்டு நீக்கப்பட்ட நிலையிலேயே விற்கப்படுகின்றன. வேறு சிலவற்றில் ரிமோட்டில் குறிப்பிட்ட எண்களை வரிசையாக அழுத்தினால் பூட்டு விலகும். அந்த எண் வரிசை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், எந்த மாடலுக்கு எந்த வரிசை என்பதை விற்பவரிடமே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்கலாமா?

அதை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல. ஓடாமல் நின்ற அதே டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துச் சென்று, குறைந்தது பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பதே உறுதியான வழி. முதலில் வரும் மெனு தெரிந்தால் போதாது, படமும் ஓட வேண்டும்.

மல்டி ரீஜன் பிளேயரிலும் சில அமெரிக்க டிஸ்க்குகள் நின்றுவிடுவது ஏன்?

எல்லா எண்ணையும் ஏற்கும் பிளேயர்களைக் கண்டுபிடித்துத் தடுக்கும் கூடுதல் சோதனை 2000-ம் ஆண்டு முதல் சில 1-ம் மண்டல டிஸ்க்குகளில் சேர்க்கப்பட்டது. இவ்வகை டிஸ்க், பிளேயரின் எண் 1 மட்டும்தானா என்று சரிபார்த்த பிறகே படத்தைக் காட்டும். எனவே பூஜ்யம் என்ற அமைப்போடு, ஒவ்வோர் எண்ணையும் தனியாகத் தேர்வு செய்யும் வசதியும் உள்ள பிளேயரே மேலானது.

எண் பொருந்திவிட்டது. ஆனால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது, மேலும் கீழும் உருள்கிறது. ஏன்?

இது இரண்டாவது பூட்டு. வாங்குபவர்களில் பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளின் டிஸ்க்குகள் ‘என்டிஎஸ்சி’ முறையில் 480 வரிகளோடு, நொடிக்கு ஏறத்தாழ 30 படச் சட்டங்களாகப் பதிவாகின்றன. இந்தியா, இலங்கை, பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா பின்பற்றும் ‘பால்’ முறையில் 576 வரிகள், நொடிக்கு 25 சட்டங்கள். ஜப்பானும் பிரிட்டனும் ஒரே 2-ம் மண்டலத்தில் இருந்தும் அவற்றின் டிஸ்க்குகள் வெவ்வேறு முறையில் இருப்பதால், மண்டல எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது பாதி வேலைதான்.

ஒரே படம் ‘பால்’ டிஸ்க்கில் சில நிமிடங்கள் குறைவாக ஓடுகிறதே, காட்சிகளை வெட்டிவிட்டார்களா?

வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சினிமா நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகிறது. அதை 25 ஆக்கி ஓட்டும்போது வேகம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது. 120 நிமிடப் படம் இதனால் சுமார் 115 நிமிடத்தில் முடிந்துவிடும்.

புதிய எல்இடி டிவி இருந்தால் இந்த இரண்டாவது சிக்கல் வராதா?

இந்தியாவில் விற்கப்படும் எல்இடி டிவிகள் பொதுவாக இரு முறைகளையும் ஏற்கின்றன. பழைய டியூப் டிவி வைத்திருப்பவர்களுக்கு, ஒரு முறையை இன்னொன்றாக மாற்றித் தரும் பிளேயர் தேவைப்படலாம். அமெரிக்காவில் நிலைமை வேறு: அங்குள்ள டிவிகள் பலவும் ‘பால்’ சிக்னலை ஏற்பதில்லை. எனவே இங்கிருந்து ‘பால்’ டிஸ்க் அனுப்பினால், அங்கே அதை மாற்றித் தரும் பிளேயர் இருக்க வேண்டும்.

கனடாவில் நடந்த கல்யாணத்தின் டிவிடிக்கும் மண்டல எண் உண்டா?

வீட்டிலோ ஸ்டுடியோவிலோ பதிவு செய்யப்படும் டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆனால் அவை ‘என்டிஎஸ்சி’ முறையில் இருக்க வாய்ப்பு அதிகம். பதிவுக்குப் பிறகு ‘ஃபைனலைஸ்’ என்ற இறுதிக் கட்டத்தைச் செய்யாமல் விட்டிருந்தால், பதிவு செய்த கருவியைத் தவிர வேறு பிளேயர்களில் அந்த டிஸ்க் ஓடாமல் போகலாம்.

டிவிடிக்குப் பூட்டு நீக்கிய ப்ளூ-ரே பிளேயரில் வெளிநாட்டு ப்ளூ-ரேயும் ஓடுமா?

ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. ப்ளூ-ரேயில் மூன்றே மண்டலங்கள்: அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா ‘ஏ’, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, ஆஸ்திரேலியா ‘பி’, இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா ‘சி’. பூட்டே இல்லாத ப்ளூ-ரேக்களும் நிறைய வருகின்றன. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்கு மண்டல முறையே கிடையாது.

இவ்வளவு சிரமப்பட்டு வெளிநாட்டு டிஸ்க் எதற்கு?

சில படங்களின் மிகச் சிறந்த பதிப்பு வெளிநாட்டில்தான் வெளியாகியிருக்கிறது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் சேதமடைந்தன. பல ஆண்டு உழைப்பில் மீட்கப்பட்ட அந்தப் படங்களை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015-ல் ‘ஏ’ மண்டல ப்ளூ-ரேயாக வெளியிட்டது. வங்காளத்தில் எடுக்கப்பட்ட படங்களின் அந்த மீட்புப் பதிப்பை ‘சி’ மண்டல இந்திய பிளேயரில் பார்க்க முடியாது என்பது வருந்தத்தக்க நிலை.

அமெரிக்காவில் இருந்தே பிளேயரை வாங்கி வரச் சொல்லலாமா?

பூட்டு நீக்கப்படாத அமெரிக்க பிளேயர் 1-ம் எண் டிஸ்க்குகளுக்கு மட்டுமே உதவும். ‘பால்’ டிஸ்க்குகளை அது ஏற்காமல் போகலாம். மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும்: அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். பின்பக்கத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிடப்பட்டிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 என்று மட்டும் இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் இணைக்கக் கூடாது.

மண்டலப் பூட்டை நீக்குவது சட்டப்படி குற்றமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அப்பிரிவு மண்டல எண்ணைப் பற்றித் தனியாக எதுவும் கூறவில்லை. நோக்கமே அதன் முக்கிய நிபந்தனை என்பதால், காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கை வீட்டில் பார்ப்பதும், பிரதி எடுத்து விற்பதும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியா ஒரு படி மேலே சென்று, நாடு வாரியாகச் சந்தையைப் பிரிக்கும் இத்தகைய பூட்டுகளைத் தன் சட்டப் பாதுகாப்பில் இருந்தே விலக்கிவிட்டது.

தனி பிளேயர் வாங்காமல் கணினியிலேயே பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் வரம்பு உண்டு. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு வந்த டிவிடி டிரைவ்களில் மண்டல எண்ணை 5 முறை மட்டுமே மாற்ற முடியும். கடைசி முறை வைத்த எண்ணே நிலைத்துவிடும். இந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிவாவதால் விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினாலும் மாறாது. வேறு மண்டல டிஸ்க்கைப் போட்டவுடன் ‘எண்ணை மாற்றலாமா’ என்று திரை கேட்கும்போது, எத்தனை வாய்ப்புகள் மீதம் உள்ளன என்பதைப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.