மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான் என்றார்கள். எனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை. ஜனவரி மாரத்தானுக்கு 7 வாரம் இருந்தது. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் இன்னும் 10 நாள் ஓடினேன். அடுத்த நாள் மாடிப்படி இறங்கும்போது இடது காலை ஊன்ற முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்தது: முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை விரிசல். டாக்டர்கள் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிறார்கள்.

இந்த விரிசல் எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் தெரியாது. எனக்கு அப்போது இது தெரிந்திருந்தால் அந்த 10 நாள் ஓட்டம் நடந்திருக்காது.

புதிதாக ஓடுகிறவர்களுக்கு இது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கோ மாதக்கணக்கு. பாரம் கூடும்போது எலும்பு முதலில் நைந்த பகுதியைக் கரைத்து எடுக்கிறது; அதன் பிறகே அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. கரைத்த பள்ளம் நிரம்புவதற்குள் 5 கிலோமீட்டரை 10 ஆக்கி, 10-ஐ 21 ஆக்கினால் விரிசல் விழுகிறது. மூச்சு வாங்கவில்லை என்பதால் உடம்பு தயார் என்று நினைத்துவிடுகிறோம்.

முன்னெலும்பின் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய அழற்சி. ஒரு விரல் நுனியால் ‘இதோ இங்கே’ என்று தொட்டுக்காட்டும்படி வலித்தாலோ, ஓடாமல் படுத்திருக்கும் இரவிலும் வலித்தாலோ விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். தொடையும் இடுப்பும் சேரும் கவட்டைப் பகுதியில் வலி வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசல் முழு முறிவாகிவிட்டால் அறுவை சிகிச்சையில் போய் நிற்கும்.

எனக்கு 6 வாரம் ஓட்டத்துக்குத் தடை. ஓடிப் பழகியவர்களுக்கு அந்த 6 வாரம் கொடுமை என்பது வீட்டில் உள்ளவர்களுக்கு எளிதில் புரியாது. “நடந்தா வலிக்கல, இப்ப சைக்கிள் மிதிக்கலாம்” என்று டாக்டர் சொன்ன அன்றுதான் எனக்கு உயிர் வந்தது.

சைக்கிளில் உடல் எடையை சீட் தாங்குகிறது. பாதம் தரையில் மோதுவதில்லை. ஆனாலும் இதயமும் தொடைத் தசையும் நன்றாக வேலை செய்கின்றன. ஓட்டம் நின்ற காலத்தில் மூச்சுத் திறனைக் காப்பாற்ற இதைவிட எளிய வழி குறைவு. நீச்சல் தெரிந்தவர்கள் ஆழமான தண்ணீரில் மிதவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல் ஓடலாம். அது ஓட்டத்துக்கு இன்னும் நெருக்கமான பயிற்சி.

முதல் இரண்டு வாரம் வீட்டிலோ ஜிம்மிலோ உள்ள நிலையான சைக்கிளே நல்லது. ஆறாத எலும்போடு சாலைப் பள்ளத்தில் விழக் கூடாது. 20 நிமிடத்தில் தொடங்கினால் போதும். சீட் உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடியில் கொண்டுபோய், அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது முன்பாதத்தை வைப்போம். அப்போது முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அதிக உயரமானால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட, இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றுக்கு மேல் சுழற்றுவது மூட்டுக்கு நல்லது. எழுந்து நின்று மிதிப்பது இப்போதைக்கு வேண்டாம்.

எல்லா ஓட்டக் காயத்துக்கும் சைக்கிள் மருந்தாகாது. முழங்காலின் வெளிப்பக்கம் வலிப்பவர்களுக்கு மடக்கி நீட்டுவதே வலியைத் தூண்டலாம். குதிகால் தசைநாணில் வலி உள்ளவர்கள் நடுப்பாதத்தைப் பெடலில் வைத்து மிதித்தால் தசைநாணின் மேல் இழுவை குறையும்.

சைக்கிள் எலும்பை வலுப்படுத்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாரம் விழாத எலும்பு வலுவடைவதில்லை. ஆண்டுக்கணக்கில் சைக்கிளே கதி என்றிருக்கும் போட்டி வீரர்கள் பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அதனால் டாக்டர் அனுமதித்ததும் எடைப் பயிற்சியும் நடையும் கூடவே வர வேண்டும். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டுவது ஆபத்து. சாப்பாடு பற்றாமல் எலும்பும் ஹார்மோனும் கெடும் நிலையைப் பற்றி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே எச்சரித்தது. ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால் அது பயிற்சியின் பலன் அல்ல, நோயின் அறிகுறி. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி, சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் நம் உரிமை. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே ஒரு பிசியோ மையத்தில் 20 சிட்டிங்குக்கு என்னிடம் முன்பணம் வாங்கிவிட்டார்கள். விரிசல் தெரிந்த பிறகும் பணம் திரும்ப வரவில்லை. ரசீது கேட்டு வாங்காதது என் பிழை. பணம் கொடுத்து வாங்கும் சிகிச்சை, ஜிம் சந்தா, பிரேக் சரியில்லாத சைக்கிள் எல்லாமே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. உங்கள் மருத்துவப் பதிவேடுகளை நீங்கள் கேட்டால் டாக்டர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்க அந்தக் காகிதங்கள் வேண்டும்.

சைக்கிளோடு சாலையில் இறங்கிவிட்டால் வேறு ஆபத்து. ஈ.சி.ஆரில் விடியற்காலையில் போகிறவர்கள் ஹெல்மெட்டும் பின்விளக்கும் இல்லாமல் கிளம்ப வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். மோட்டார் வாகனம் மோதினால் முதலில் 108. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, திட்டத்தின் உச்சவரம்பு வரை, பணம் கேட்கக் கூடாது. வாகன எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), போலீசில் எஃப்.ஐ.ஆர். நகல் இரண்டையும் வாங்கி வையுங்கள். சைக்கிளில் போனவருக்கு லைசென்ஸோ காப்பீடோ தேவையில்லை. மோதிய வாகனத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்கலாம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போட்டுவிடுவது பாதுகாப்பு. மோதியவர் நிற்காமல் ஓடி, வாகனமும் தெரியாமல் போனால்கூட, கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் என்று சட்டம் வைத்திருக்கிறது. பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

ஓட்டத்துக்குத் திரும்பும்போது சைக்கிளில் காத்த மூச்சே நம்மை ஏமாற்றும். இதயம் 10 கிலோமீட்டருக்குத் தயாராக இருக்கும், எலும்பு இருக்காது. வலியில்லாமல் 30 நிமிடம் வேகமாக நடக்க முடிந்த பிறகு, 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று, ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கினேன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு நாளும் ஓடவில்லை. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் அந்தப் பழைய இடம் வலித்தால், அன்று ஷூவைத் தொடாமல் சைக்கிளை எடுத்தேன்.